நடந்தால் கேன்சர் சுகமாகுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

“நடந்தா கேன்சர் சுகமாகுமா டீச்சர்?”

போன மாதம் எங்கள் பாடசாலைக் குழு புற்றுநோயாளர் நிதிக்கான நடைபவனியில் கலந்துகொண்டது. அன்றிலிருந்து இந்தக் கேள்வியைக் கல்யாண வீட்டில், கடையில், ஆசிரியர் ஓய்வறையில் எல்லாம் கேட்டாகிவிட்டது. சிலர் கேலியாகக் கேட்டார்கள். சிலர் உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்கள். கேலியாகக் கேட்டவர்களுக்கும் பதில் உண்டு என்பதால் பொதுவாக எழுதுகிறேன்.

சுகமாகாது. நடந்தால் யாருடைய கட்டியும் கரையாது. ஆனால் எங்கள் ஊரில் இந்த நோய் ஆட்களைக் கொல்வதற்கு நோய் மட்டும் காரணமில்லை. காசில்லாமல் கிளினிக்கை இடையில் விட்டவர்கள் இருக்கிறார்கள். வாய் திறந்து சொல்ல வெட்கப்பட்டு, கடைசி நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் அதைவிட அதிகம் இருக்கிறார்கள். முதலாவதற்கு நிதி வேண்டும். இரண்டாவதற்கு எவ்வளவு காசு சேர்த்தாலும் போதாது. யாராவது பகிரங்கமாக வீதியில் இறங்கி அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். நடைபவனி ஒழுங்காக நடந்தால் இரண்டையும் ஒரே காலையில் செய்துவிடலாம் என்பதுதான் என் கருத்து. ஒழுங்காக நடக்காவிட்டால் படம் எடுத்ததோடு முடிந்துவிடும். அந்த ஒழுங்கு குழுவைக் கொண்டு நடத்துபவர் கையில் இருக்கிறது.

எங்கள் குழுவில் 42 பேர். 14 ஆசிரியைகள், 17 தாய்மார், 11 பழைய மாணவிகள். அம்பாறைக் கரையோரப் பிரதான வீதியில் 9 கிலோமீற்றர். சுபஹ் தொழுதுவிட்டு வெயில் ஏறுமுன் நடந்து முடித்தோம். குழுவுக்குப் பொறுப்பாக என்னைப் போட்டார்கள். 22 வருடம் படிப்பித்தவளுக்கு நாற்பது பேரை வரிசையில் கொண்டுபோவது புதிய வேலையில்லை. புதியது அதைச் சுற்றி வந்த கேள்விகள்தான்.

முதல் கேள்வி: “இலவச வைத்தியம்தானே, பிறகு எதுக்குக் காசு?”

நியாயமான கேள்வி. இந்த நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்கு வைத்தியம் இலவசம். அதற்கு நாம் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்ல வேண்டும். வரி கட்டும் மக்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். பல நாடுகளில் இந்த நோய் வந்தால் வீட்டை விற்க வேண்டும். ஆனால் வைத்தியம் இலவசம் என்றால் வருத்தம் இலவசம் என்று அர்த்தமில்லை.

ரேடியேஷன் சிகிச்சை என்பது ஒரு நாள் போய் வருகிற விஷயமில்லை. பெரும்பாலும் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் பல கிழமைகள் தொடர்ந்து போகவேண்டும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆனாலும் எங்கள் பக்கத்து நோயாளிகள் பலருக்கு மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குப் போகாமல் முடிவதில்லை. இங்கிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். நோயாளி தனியாகப் போக முடியாது, கூட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் மேசனாகவோ, கடலுக்குப் போகிறவராகவோ இருந்தால் அன்றைய உழைப்பு இல்லை. தங்க இடம், சாப்பாடு, பஸ், பிள்ளைகளை யாராவது பார்க்க வேண்டும். சில மருந்து ஆஸ்பத்திரியில் இல்லாதபோது வெளியில் வாங்கச் சொல்வார்கள். 2022இல் நாடு விழுந்தபோது மருந்துத் தட்டுப்பாடு எப்படியிருந்தது என்று யாரும் மறந்திருக்க மாட்டோம்.

இரண்டு முறை கிளினிக் போய்விட்டு, மூன்றாம் முறை பஸ்ஸுக்குக் காசில்லாமல் “இப்ப கொஞ்சம் சுகம்தான்” என்று வீட்டில் இருந்துவிடுகிற நோயாளிக்கு இலவச வைத்தியத்தால் என்ன பயன்? எங்கள் நிதி இந்த இடைவெளிக்குத்தான். கட்டிடம் கட்டவோ மெஷின் வாங்கவோ இல்லை. பஸ் காசு, தங்கும் செலவு, கூட வருபவரின் சாப்பாடு. அவ்வளவுதான்.

இரண்டாவது கேள்வி: “காசைக் கொடுத்தா போதாதா? ஏன் நடக்கணும்?”

இதற்கு நம் நாட்டிலேயே பதில் இருக்கிறது. 2011இல் நேத்தன் சிவகணநாதன் என்ற தமிழரும் சரிந்த உணம்புவே என்ற சிங்களவரும் முன்னின்று, தெவுந்தரமுனைக்கும் பருத்தித்துறைக்கும் இடையே சுமார் 670 கிலோமீற்றரை நடந்தார்கள். ‘ட்ரெயில்’ என்று பெயர். யுத்தம் முடிந்து இரண்டு வருடம்தான். தெற்கிலிருப்பவன் வடக்கை நினைத்துப் பயந்த காலம், வடக்கிலிருப்பவன் தெற்கை நம்பாத காலம். அந்த நடையில் சேர்ந்த காசு யாழ்ப்பாணம் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போனது. 2016இல் திரும்பவும் நடந்தார்கள். அந்த முறை காலி கராப்பிட்டிய வைத்தியசாலைக்கு. ஒன்று வடக்கில், ஒன்று தெற்கில்.

நடக்காமல் ஒரு வங்கிக் கணக்கு இலக்கத்தை மட்டும் பத்திரிகையில் போட்டிருந்தால் அந்தக் காசு வந்திருக்குமா? வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். வீதியோரத்தில் தண்ணீர் கொடுத்தவன், ஒரு கிலோமீற்றர் கூட நடந்து பார்த்தவன், பிள்ளையைத் தோளில் வைத்துக் காட்டியவன் எல்லாரும் அந்த ஆஸ்பத்திரியில் தனக்கும் ஒரு செங்கல் இருக்கிறது என்று நினைப்பான். காசு கொடுத்தவர் மறந்துவிடுவார். நடந்தவர் மறக்க மாட்டார்.

நம் சமூகத்திலும் உதாரணம் இருக்கிறது. தன் மகனைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த எம்.எஸ்.எச். முஹம்மத் அவர்கள், கதீஜா பவுண்டேஷன் மூலம், மஹரகமவுக்குப் பெட் ஸ்கேன் இயந்திரம் ஒன்று வாங்க 20 கோடி ரூபா சேர்க்க இறங்கினார். 2016இல் நாடே அதைப் பற்றிப் பேசியது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் என்று பார்க்காமல் கொடுத்தார்கள். பணக்காரர் நாலு பேரிடம் போயிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கலாம். அவர் பொதுமக்களிடம் போனார். அதனால்தான் பெட் ஸ்கேன் என்றால் என்ன, அது ஏன் வேண்டும் என்று கிராமத்துக் கடைக்காரருக்கும் தெரிய வந்தது.

மூன்றாவது கேள்விதான் கொஞ்சம் கஷ்டமானது. எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர், நான் மதிக்கிற மனிதர், வீட்டுக்கே வந்து கேட்டார். “மகள், காசு சேருங்க, நல்ல விஷயம். பொம்புளைகள் ரோட்டுல நடக்கணுமா? ஆம்புளைகள் நடந்தா போதாதா?”

நான் சண்டைக்குப் போகவில்லை. மரியாதையாகத்தான் சொன்னேன். “காக்கா, எங்கட பொம்புளைகள் தினமும் ரோட்டுல நடக்கிறாங்கதானே. சந்தைக்கு, ஸ்கூலுக்கு, வயலுக்கு, ஆஸ்பத்திரிக்கு. யாரும் தடுக்கிறதில்ல. இந்த நாட்டுப் பெண்களுக்கு ஆகக் கூடுதலா வாற புற்றுநோய் மார்பகப் புற்றுநோய். அதைப் பத்தி ஆம்புளைகள் நடந்துபோய்ச் சொன்னா எந்தப் பொம்புளை வந்து தன்ட வருத்தத்தைச் சொல்லுவா?”

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “எத்தனை மணிக்கு எங்கட பள்ளியடியைத் தாண்டுவீங்க?” என்று கேட்டார். நடைபவனி அன்று பள்ளிவாசலுக்கு முன்னால் ஒரு பெரிய அண்டாவில் சர்பத்தோடு நின்றார். இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். நம் ஊர்ப் பெரியவர்களைப் பற்றி வெளியே ஒரு பிம்பம் இருக்கிறது. விளக்கிச் சொன்னால் கேட்கிற மனிதர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நாம்தான் விளக்குவதற்கு முன்பே கோபப்பட்டுவிடுகிறோம்.

இப்போது நடையைப் பற்றி.

குழுவுக்குப் பொறுப்பு என்றவுடன் எல்லாரும் என்னை முன்னால் பதாகையைப் பிடிக்கச் சொன்னார்கள். பதாகையை இரண்டு பழைய மாணவிகளிடம் கொடுத்துவிட்டு நான் கடைசியில் நடந்தேன். சுற்றுலா போகும்போது ஆசிரியர் கடைசியில் நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. முன்னால் போகிறவருக்கு முன்னால் இருக்கிற ரோடுதான் தெரியும். யாருக்கு மூச்சு வாங்குகிறது, யாருடைய செருப்பு அறுந்தது, யார் பேச ஆளில்லாமல் நடக்கிறார் என்பதெல்லாம் கடைசியில் நடந்தால்தான் தெரியும். பொலிஸ் அனுமதி, தண்ணீர், முதலுதவிப் பெட்டி, நடக்க முடியாமல் போகிறவர்களுக்குப் பின்னால் ஒரு ஆட்டோ எல்லாம் முதலே ஒழுங்கு செய்திருந்தோம். எங்கள் பகுதி மிட்வைப் மிஸ்ஸையும் கூட நடக்கச் சொல்லிக் கேட்டேன். அவரும் சந்தோஷமாக வந்தார்.

நாலு கிலோமீற்றர் தாண்டியபோது வரிசை நீண்டுவிட்டது. பின்னால் ஏழெட்டுப் பேர்தான். அதில் ஒரு தாய், எங்கள் பிள்ளை ஒன்றின் உம்மா, மிட்வைப் மிஸ்ஸுக்குப் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தவர், மெல்லிய குரலில் சொன்னார். நெஞ்சில் ஒரு கட்டி இருக்கிறது, எட்டு மாதமாக இருக்கிறது, வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

எட்டு மாதம்! அந்தத் தாய் எத்தனை பெற்றோர் கூட்டத்துக்கு வந்திருப்பார். எத்தனை கிளினிக்கைத் தாண்டிப் போயிருப்பார். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. காரணம் கேட்டபோது சொன்னது இதுதான்: “மகளுக்கு மாப்புள பாக்கிறம் மிஸ். கேள்விப்பட்டா வரமாட்டாங்க.”

அடுத்த நாளே மிட்வைப் மிஸ் அவரைக் கூட்டிக்கொண்டு போனார். என்ன முடிவு வந்தது என்று இங்கே எழுத மாட்டேன். அது அவருடைய சொந்த விஷயம். கதை என்ன ஆனது என்று தயவுசெய்து யாரும் என்னிடம் கேட்கவும் வேண்டாம். எனக்குத் தேவையானது அவர் போனார் என்பதுதான்.

நான் சொல்கிறேன், அன்று ஒரு சதமும் சேராமல் போயிருந்தாலும் அந்த 9 கிலோமீற்றர் வீண் இல்லை. மண்டபத்தில் விழிப்புணர்வுக் கூட்டம் எத்தனை வைத்திருக்கிறோம். கதிரையில் உட்கார்ந்து, மைக்கைப் பார்த்துக்கொண்டு எந்தத் தாயும் இப்படிச் சொன்னதில்லை. பக்கத்துப் பக்கத்தில், முகம் பார்க்காமல், நடந்துகொண்டே பேசும்போது சொல்ல முடிகிறது. இதற்காகவே நடக்கலாம்.

நம் ஊரில் இந்த நோய்க்குப் பெயரே இல்லை. “அந்த வருத்தம்”, “கெட்ட வருத்தம்”, “பெரிய வருத்தம்” என்போம். ஜனாஸா வீட்டிலும் “என்ன வருத்தம்?” என்று கேட்டால் கண்ணால் சைகை காட்டுவோம். பெயர் சொன்னால் தொற்றிவிடும் என்பதுபோல. பெயர் சொல்லாத நோய்க்கு யார் மருந்து கேட்பார்கள்? அதனால்தான் எங்கள் பதாகையில் ‘புற்றுநோய்’ என்று பெரிய எழுத்தில் போடச் சொன்னேன். ‘நம்பிக்கை’, ‘வாழ்வு’ என்றெல்லாம் போடலாம் என்று சிலர் சொன்னார்கள். நல்ல சொற்கள்தான். ஆனால் ரோட்டில் நிற்கிறவர் எதற்காக நடக்கிறோம் என்று பார்த்தவுடன் விளங்க வேண்டும்.

இனி காசு விஷயம். நடைபவனிகள் கெட்டுப்போவது இங்கேதான். நம் ஊர்களில் நிறைய நடைபவனி நடந்திருக்கிறது. பதாகை பெரிசு, கணக்குச் சின்னது. நான் மாணவியாக இருந்தபோது எங்கள் கையில் டின் கொடுத்து ரோட்டில் நிறுத்திச் சேர்த்த ஒரு நிதியின் கணக்கை இன்றுவரை நான் கண்டதில்லை. அது நேர்மையாகவே போய்ச் சேர்ந்திருக்கலாம். ஆனால் யாரும் சொல்லவில்லை. சொல்லாத கணக்கு, அடுத்த முறை நேர்மையாகச் சேர்க்க வருகிறவனுடைய பெயரையும் கெடுக்கும். இன்று உண்டியலைக் கண்டவுடன் ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதற்கு அவர்கள் கஞ்சர்கள் என்று காரணம் சொல்லக் கூடாது.

எனவே குழுவில் முதலே சில விஷயங்களை முடிவு செய்தோம்.

பிள்ளைகள் ரோட்டில் டின் ஏந்திக் காசு சேர்க்கக் கூடாது. வீட்டாரிடமும் சொந்தக்காரரிடமும் மட்டும், இலக்கமிட்ட அட்டையில், கையெழுத்தோடு சேர்க்கலாம்.

எந்தப் பிள்ளை எவ்வளவு கொண்டுவந்தது என்று வகுப்பில் வாசிக்கக் கூடாது. கூடுதலாகச் சேர்த்தவருக்குப் பரிசு இல்லை. இதற்கு எங்களுக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. “போட்டி வைச்சாத்தான் காசு சேரும்” என்றார்கள். உண்மைதான், சேரும். வெளிநாட்டில் வாப்பா இருக்கிற பிள்ளை இருபதாயிரம் கொண்டுவரும். கடலுக்குப் போகிறவரின் பிள்ளை இருபது ரூபா கொண்டுவரும், அதுவும் அன்று மீன் பட்டிருந்தால். போட்டி வைத்தால் அந்த இருபது ரூபாப் பிள்ளை அடுத்த முறை அட்டையைத் தொலைத்துவிட்டேன் என்று பொய் சொல்லும். நல்ல காரியத்தின் பெயரால் பிள்ளையைப் பொய் சொல்லப் பழக்கலாமா?

கனடாவில் டெரி பொக்ஸ் என்று ஒரு இளைஞர் இருந்தார். எலும்புப் புற்றுநோயால் 1977இல் வலது காலை இழந்தார். 1980 ஏப்ரலில், செயற்கைக் காலோடு, புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் காசு சேர்க்க நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து ஓட ஆரம்பித்தார். 143 நாள், 5,373 கிலோமீற்றர். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் பாதி வழியில் நிறுத்தினார். 1981 ஜூனில், 22 வயதில் மரணித்தார். அவர் மக்களிடம் கேட்டது பெரிய தொகையில்லை. ஒவ்வொரு கனேடியரிடமிருந்தும் ஒரு டொலர். சுமார் பத்தாயிரம் பேர் வாழ்ந்த ஒரு சின்னத் துறைமுக ஊர் பத்தாயிரம் டொலருக்கு மேல் கொடுத்ததுதான் அவருக்கு அந்த எண்ணத்தையே தந்தது. அவர் உயிரோடு இருக்கும்போதே சேர்ந்த தொகை 2 கோடி 40 இலட்சம் டொலரைத் தாண்டியது. அன்றைய கனடாவின் சனத்தொகையும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஆளுக்கு ஒரு டொலர் என்றால் எல்லாரும் கொடுக்கலாம், யாரும் வெட்கப்படத் தேவையில்லை. இதை எங்கள் பிள்ளைகளுக்கு வகுப்பில் சொல்லிக் கொடுத்தேன். அன்றைக்குக் கையில் இரண்டு பத்து ரூபாக் காசோடு இருந்த பிள்ளை ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது.

ரீ சேட் விஷயத்துக்கும் வருகிறேன். எல்லாரும் ஒரே நிற ரீ சேட் போட வேண்டும் என்று யோசனை வந்தது. விசாரித்தால் ஒன்று 1,400 ரூபா. 42 பேருக்கு 58,800 ரூபா. ஒரு நிறுவனம் தங்கள் பெயரை முன்னால் பெரிதாகப் போட்டால் இலவசமாகத் தருகிறோம் என்றது. இரண்டையும் வேண்டாம் என்றோம். அவரவர் அபாயா, அவரவர் சப்பாத்து, ஆளுக்கொரு இளஞ்சிவப்பு ரிப்பன். 58,800 ரூபாவில் ஒரு நோயாளியும் கூடப் போகிறவரும் எத்தனை தரம் மஹரகமக்குப் பஸ்ஸில் போய் வரலாம் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

ஸக்காத் பற்றியும் பலர் கேட்டார்கள். ஸக்காத்துக்கு உரியவர்கள் எட்டுக் கூட்டத்தார் என்பது நாம் எல்லாரும் அறிந்தது. பொது நிதியில் அதைக் கலக்க எங்களுக்கு மனமில்லை. ஸக்காத் என்று தந்தவர்களின் உறையை அப்படியே எங்கள் பகுதி ஸக்காத் குழுவிடம் ஒப்படைத்தோம். வறிய நோயாளிகளை அடையாளம் கண்டு கொடுப்பது அவர்கள் வேலை, அதை அவர்கள் நன்றாகவே செய்கிறார்கள். சதகாவை மட்டும் நடைபவனி நிதிக்கு எடுத்தோம்.

கணக்கு இதோ. அட்டைகள் மூலம் ரூ. 214,300. பாடசாலை வாசல் உண்டியலில் ரூ. 31,870. வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவிகள் அனுப்பியது ரூ. 140,000. மொத்தம் ரூ. 386,170. தண்ணீர், வாழைப்பழம், அட்டை அச்சு, பதாகை, முதலுதவிப் பொருள், ஆட்டோ எல்லாம் சேர்த்துச் செலவு ரூ. 18,650. இது நிதியிலிருந்து எடுக்கப்படவில்லை. 14 ஆசிரியைகளும் ஆளுக்கு 1,350 ரூபா போட்டோம். மிஞ்சிய 250 ரூபா உண்டியலுக்குள் போனது, மேலே உள்ள தொகையில் அதுவும் சேர்த்தி. முழுத் தொகையும் வங்கி மூலம் நிதிக் குழுவிடம் கொடுக்கப்பட்டுவிட்டது.

சிலர் சொல்வார்கள், இப்படிக் காசு சேர்த்துக் கொடுத்துப் பழகினால் அரசாங்கம் தன் கடமையைச் செய்யாது என்று. இந்த வாதத்தை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். தூர இடத்து நோயாளிக்குத் தங்குமிடமும் போக்குவரத்தும் அரசாங்கம் பார்க்க வேண்டிய விஷயம். கிழக்கிலேயே எல்லாச் சிகிச்சையும் கிடைக்கச் செய்வதும் அதன் கடமை. வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் அதை நாம் கேட்க வேண்டும், கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் அடுத்த செவ்வாய்க்கிழமை கிளினிக் இருக்கிற தாய்க்கு “அரசாங்கம் தரும் வரைக்கும் பொறுங்க” என்று சொல்ல என்னால் முடியாது. கேட்கிறவர்கள் கேட்கட்டும், நடக்கிறவர்கள் நடக்கட்டும். நடந்தவர்கள் கேட்டால் சத்தம் கொஞ்சம் கூடுதலாகவும் இருக்கும், ஏனென்றால் அவர்களுக்கு நோயாளியின் பெயரும் பஸ் காசும் தெரியும்.

ஆண்களுக்கும் இரண்டு வார்த்தை. இளஞ்சிவப்பு ரிப்பனைப் பார்த்துவிட்டு இது பெண்கள் விஷயம் என்று ஒதுங்க வேண்டாம். இலங்கையில் ஆண்களுக்கு ஆகக் கூடுதலாக வருவது வாய்ப் புற்றுநோய். வெற்றிலை, புகையிலை மட்டும் காரணமில்லை. பாக்கே புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. புகையிலை போடாமல் வெறும் வெற்றிலை பாக்குத்தானே என்று சமாதானம் சொல்ல இடமில்லை. மெல்லும் புகையிலைப் பொருட்களை 2016இலேயே அரசாங்கம் தடை செய்தது. ஆனால் மாவா என்ன பெயரில், எந்தக் கடையின் எந்த மூலையில் விற்கிறது என்று என்னைவிட என் உயர்தரப் பையன்களின் வாப்பாமாருக்கு நன்றாகத் தெரியும். வாயில் ஒரு புண் மூன்று கிழமையாகியும் ஆறவில்லை என்றால், அல்லது வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஒரு படை தெரிந்தால், பல் வைத்தியரிடம் காட்டுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லாமல் பார்ப்பார்கள். அடுத்த முறை எங்களுக்குப் பின்னால் ஒரு வாப்பாமார் குழுவும் நடந்தால் நல்லது. கடைசியில் நடக்க ஒரு பல் வைத்தியரையும் பிடித்துக்கொள்ளுங்கள்.

நடை முடிந்துவிட்டது என்று நாங்கள் நினைக்கவில்லை. குழு அப்படியே இருக்கிறது. இப்போது செய்கிற வேலை இரண்டு.

ஒன்று, 35 வயதிலும் 45 வயதிலும் இருக்கிற எங்கள் தாய்மாரைச் சுகவனிதையர் கிளினிக்குக்கு அனுப்புவது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் இது நடக்கிறது. கருப்பைக் கழுத்துப் பரிசோதனை செய்வார்கள், மார்பகத்தைப் பரிசோதிப்பார்கள், தானாகப் பார்த்துக்கொள்வது எப்படி என்றும் சொல்லித் தருவார்கள். பெண்கள்தான் பார்க்கிறார்களா என்ற பயம் இருந்தால் உங்கள் பகுதி மிட்வைப்பிடம் முதலே கேளுங்கள். தனியாகப் போகக் கூச்சமென்றால் எங்களிடம் சொல்லுங்கள். நடைக்குப் பதினேழு தாய்மார் வந்தார்கள், கிளினிக்குக்கும் கூட வருவார்கள்.

மற்றது, ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளின் எச்.பி.வி. ஊசி. 2017 முதல் பாடசாலைகளில் ஆறாம் ஆண்டு மாணவிகளுக்கு இதை இலவசமாகப் போடுகிறார்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணமான இரண்டு வகை வைரஸ்களிலிருந்து அது பாதுகாக்கிறது. ஒவ்வொரு வருடமும் சம்மதப் படிவம் கொடுத்தால் சில படிவங்கள் கையெழுத்து இல்லாமல் திரும்பி வருகின்றன. “பிள்ளை பிறக்காதாம்” என்று யாரோ சொன்னார்களாம். அப்படி ஒன்றும் இல்லை. சந்தேகம் இருந்தால் படிவத்தைக் கிழிக்காமல் பாடசாலைக்கு வாருங்கள், வைத்தியரையே கூப்பிட்டு உங்களுக்கு முன்னால் கேட்போம். புற்றுநோய்க்கு என்று நூறு ரூபா உண்டியலில் போட்டுவிட்டு, அதே புற்றுநோயைத் தடுக்கும் ஊசிக்குக் கையெழுத்துப் போடாமல் விடுவது எப்படிச் சரியாகும்?

அட்டைகள், பற்றுச்சீட்டுப் புத்தகம், வங்கிச் சீட்டு எல்லாம் பாடசாலை அலுவலகத்தில் ஒரு கோப்பில் இருக்கின்றன. இருபது ரூபா தந்தவரும் வந்து பார்க்கலாம். பாடசாலை நாட்களில் காலை எட்டு மணி முதல் பகல் ஒன்றரை வரை. வரும்போது வீட்டில் ஆறாம் ஆண்டுப் பிள்ளை இருந்தால் படிவத்தையும் கையோடு கொண்டு வாருங்கள்.